பாழாய்ப்போன ஒரு செய்முறை வகுப்பும் ‘பி’ என்ற ஓர் எழுத்தும்
(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நோய்த்தடைகாப்பியல் அறிஞர் ஒருவரைப் பற்றியும், அவருடைய ஆய்வை உலகம் எப்படி எண்ணி மதிப்பிட்டது என்பதைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். அதற்கு முன் ஒரு கேள்வி. மேல்நிலை வகுப்பில் விலங்கியல் நடத்துபவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். டி செல், பி செல் என்று கரும்பலகையில் எழுதுகிறோம். டி என்பது தைமஸ் சுரப்பியின் முதலெழுத்து. அதில் குழப்பமில்லை. பி என்பது எதன் முதலெழுத்து?

எலும்பு மஜ்ஜை என்று பலரும் சொல்கிறீர்கள். ஆங்கிலத்தில் ‘போன் மேரோ’ என்பதால் அது பொருந்தத்தான் செய்கிறது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அந்த எழுத்து எலும்பிலிருந்து வரவில்லை. கோழியின் வால்பக்கம் இருக்கும் ஒரு சின்னப் பையிலிருந்து வந்தது. அந்தப் பையின் பெயர் பர்சா. அந்தப் பையின் வேலை தெரியவந்தது, ஒரு செய்முறை வகுப்பு பாழாய்ப்போனதால்.

ஆசிரியர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

முந்நூறு ஆண்டுகள் வேலையில்லாத உறுப்பு

இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் ஃபேப்ரீசியஸ் என்ற உடற்கூறியல் பேராசிரியர் இருந்தார். இரத்தச் சுற்றோட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வியின் ஆசிரியர். கோழியை அறுத்துப் பார்த்தபோது, கழிவும் முட்டையும் வெளிவரும் பொதுப்புழையின் மேற்பக்கம் ஒரு சிறிய பை ஒட்டிக்கொண்டிருப்பதை அவர் குறித்து வைத்தார். அவர் இறந்த பிறகு, 1621இல் வெளியான நூலில் அது இடம்பெற்றது. பர்சா என்றால் பை. அவர் பெயரையும் சேர்த்து ‘பர்சா ஆஃப் ஃபேப்ரீசியஸ்’ என்றார்கள். அதன் வேலை என்ன? சேவலின் விந்தைச் சேமித்து வைக்கும் பை என்று அவர் எண்ணினார். அது தவறு. அதன் பிறகு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த உறுப்புக்குப் பெயர் இருந்தது, படம் இருந்தது. என்ன வேலை செய்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற இளைஞர் கோழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்தார். ஒருநாள் அவருடைய பேராசிரியர் ஒரு பெருவாத்தை அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பை என்ன என்று கிளிக் கேட்டார். பர்சா என்றார் பேராசிரியர். இது என்ன வேலை செய்கிறது என்று அடுத்த கேள்வி. பேராசிரியர் சொன்ன பதிலின் சாரம் இவ்வளவுதான்: நல்ல கேள்வி, நீயே கண்டுபிடி.

அந்தப் பதிலைக் கொஞ்சம் கவனியுங்கள். “அதெல்லாம் பாடத்தில் இல்லை, உட்கார்” என்று அவர் சொல்லியிருக்கலாம். “ஃபேப்ரீசியஸ் இப்படிச் சொன்னார், எழுதிக்கொள்” என்றும் சொல்லியிருக்கலாம். தனக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு, கேள்வியைக் கேட்டவனிடமே ஒப்படைத்தார்.

கிளிக் உடனே பெரிதாக எதையும் செய்துவிடவில்லை. பல்வேறு வயதுக் குஞ்சுகளில் பர்சாவை எடுத்து எடை பார்த்தார். குஞ்சு பொரித்த முதல் மூன்று வாரங்களில் அது மிக வேகமாக வளர்கிறது என்று தெரிந்தது. கோழி பருவத்துக்கு வரவர அது சுருங்கிவிடும். அப்படியானால் அதன் வேலை இளம் பருவத்தில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, இரண்டு வாரம்கூட நிறையாத குஞ்சுகளில் அதை அறுவை செய்து அகற்றினார். பிறகு காத்திருந்தார். குஞ்சுகள் வளர்ந்தன. பர்சா உள்ள கோழிக்கும் இல்லாத கோழிக்கும் எந்த வேறுபாடும் தென்படவில்லை. ஆய்வு ஏறக்குறைய முட்டுச்சந்தில் வந்து நின்றது.

வகுப்பில் நடந்தது

அப்போது டிமோதி சாங் என்ற சக ஆய்வு மாணவருக்கு ஒரு தேவை வந்தது. உடலுக்குள் ஒரு நுண்ணுயிரி நுழைந்தால் அதற்கு எதிர்ப்பொருள் எப்படி உண்டாகிறது என்பதை அவர் வகுப்பில் செய்துகாட்ட வேண்டும். கோழிக்கு சால்மோனெல்லா பாக்டீரியாவைச் செலுத்தி, சில நாள் கழித்து அதன் இரத்தத்தைச் சோதித்தால் எதிர்ப்பொருள் தெரியும். எல்லாரும் செய்யும் சாதாரண சோதனைதான். கோழி வாங்கத்தான் வழியில்லை. கிளிக்கிடம் கேட்டார். கிளிக் தன்னிடம் வளர்ந்து நின்ற கோழிகளைக் கொடுத்தார். பர்சா அகற்றப்பட்டவையும் அவற்றில் இருந்தன.

செய்முறை கெட்டுப்போனது. சில கோழிகள் இறந்தன. பிழைத்தவற்றின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லை. மாணவர்கள் முன்னால் ஓர் ஆசிரியருக்கு இதைவிடச் சங்கடம் வேண்டுமா? சாங் எரிச்சலோடு கிளிக்கிடம் வந்து சொன்னார். கோழிகளின் இறக்கையில் கட்டியிருந்த எண்களை வைத்துப் பதிவேட்டைப் பார்த்தார்கள். கைவிட்டவை எல்லாம் பர்சா அகற்றப்பட்ட கோழிகள்.

இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள். பிறகு கோழிகளை அதிக எண்ணிக்கையில் எடுத்து, பர்சா உள்ளவை ஒரு குழு, அகற்றப்பட்டவை ஒரு குழு என்று பிரித்து முறையாகச் சோதித்தார்கள். பர்சா அகற்றப்பட்ட கோழிகளில் பெரும்பாலானவை எதிர்ப்பொருளை உருவாக்கவில்லை. முந்நூறு ஆண்டுகளாக வேலை தெரியாமல் கிடந்த பைக்கு வேலை தெரிந்தது.

திரும்பி வந்த கட்டுரை

ஆய்வை எழுதி, உலகப் புகழ்பெற்ற ‘சயின்ஸ்’ இதழுக்கு அனுப்பினார்கள். அது ஏற்கப்படவில்லை. எந்த வழியில் இது நடக்கிறது என்று இன்னும் விளக்க வேண்டும் என்பது காரணம். எனவே கிளிக், சாங், அவர்களுடன் பணியாற்றிய ஜார்ஜ் ஜாப் மூவரின் பெயரில் 1956இல் கட்டுரை ‘பௌல்ட்ரி சயின்ஸ்’ என்ற கோழியியல் இதழில் வெளிவந்தது. தீவனம், முட்டை, எடை என்று பேசும் இதழ் அது. மனித நோய்களை ஆராயும் மருத்துவ ஆய்வாளர்களில் எத்தனை பேர் அதைப் புரட்டியிருப்பார்கள்? அடுத்த சில ஆண்டுகள் அந்தக் கட்டுரையை ஏறக்குறைய யாரும் பேசவில்லை.

பிறகு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு அதைப் படித்தது. முட்டைக்குள் இருக்கும்போதே ஆண்பால் ஹார்மோனைச் செலுத்தி பர்சா வளராமல் தடுத்தார்கள். அந்தக் கோழிகளிலும் எதிர்ப்பொருள் உண்டாகவில்லை. இது 1960 வாக்கில். அதே காலத்தில், 1961இல், இலண்டனில் ஜாக் மில்லர் பிறந்த சுண்டெலிகளிலிருந்து தைமஸை அகற்றி, நோய் எதிர்ப்பாற்றலுக்கு அது இன்றியமையாதது என்று காட்டினார். அடுத்த ஆண்டே மெல்போர்னில் வார்னரும் சென்பெர்கும், கோழியில் தைமஸும் பர்சாவும் வெவ்வேறு வேலை செய்கின்றன என்றார்கள்.

தெளிவாக முடிச்சை அவிழ்த்தவர் மின்னசோட்டாவில் இருந்த மேக்ஸ் கூப்பர். குழந்தை மருத்துவர். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்து பிறந்த குழந்தைகளை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்தக் குழந்தைகளில் சிலருக்கு ஒருவகைக் குறை, வேறு சிலருக்கு வேறுவகைக் குறை. எல்லாம் ஒரே அமைப்பாக இருந்தால் இது எப்படி நடக்கும்? 1965இல் ராபர்ட் குட் முதலியோருடன் சேர்ந்து, பொரித்தவுடன் சில குஞ்சுகளில் பர்சாவையும் சிலவற்றில் தைமஸையும் அகற்றினார். ஏற்கெனவே உடலுக்குள் பரவிவிட்ட செல்களை அழிக்க எக்ஸ் கதிரும் பாய்ச்சினார். பர்சா இழந்தவற்றில் எதிர்ப்பொருள் இல்லை. தைமஸ் இழந்தவற்றில் வேறு கோழியின் தோலை ஒட்டினாலும் விலக்கித் தள்ளும் ஆற்றல் இல்லை. ஆக, நம் உடலின் காவல் படை இரண்டு பிரிவுகள் கொண்டது.

1952இலேயே ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதியிருந்தார். அவனுக்குத் திரும்பத் திரும்பக் கடுமையான தொற்று. இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலின் இல்லை. அதை ஊசி வழியே செலுத்தியதும் தேறினான். அவன் உடலில் எது குறைந்தது என்பதைக் கோழியின் பர்சா வழியாகத்தான் புரிந்துகொள்ள முடிந்தது.

1969இல் ஐவன் ராய்ட் முதலியோர் எழுதிய கட்டுரையிலிருந்து டி, பி என்ற பெயர்கள் நிலைத்தன. பாலூட்டிகளுக்கு பர்சா கிடையாது. நமக்கு அந்த வேலையை எது செய்கிறது என்று தேடி, எலும்பு மஜ்ஜை என்று கண்டது 1970களில். அதுவும் ஆங்கிலத்தில் ‘பி’ எழுத்திலேயே தொடங்கியது தற்செயல்.

நாமக்கல் பக்கத்து ஆசிரியர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். கோழிப்பண்ணைக்காரர்கள் கம்போரோ நோய் என்பார்கள். 1962இல் அமெரிக்காவின் கம்போரோ என்ற ஊர்ப் பகுதியில் முதலில் விவரிக்கப்பட்டதால் அந்தப் பெயர். அந்த வைரஸ் குஞ்சின் பர்சாவைத் தாக்கி பி செல்களை அழிக்கிறது. தப்பிப் பிழைத்த குஞ்சுக்கும் பிற நோய்கள் எளிதில் தொற்றும்; போட்ட தடுப்பூசிகளும் சரியாக வேலை செய்யாது. கிளிக் கத்தியால் செய்ததை வைரஸ் தானே செய்கிறது. பண்ணையில் வேலைசெய்யும் பெற்றோரின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். பி செல் பாடத்தை அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.

எண்ணும் முறையும் அதன் எல்லையும்

இனி இரண்டாவது பகுதி. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிறர் தங்கள் கட்டுரையில் குறிப்பிட்டால் அதை மேற்கோள் என்கிறோம். எத்தனை மேற்கோள் என்று எண்ணலாம் என்ற யோசனையை யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் வெளியிட்டார். எந்த இதழில் தெரியுமா? ‘சயின்ஸ்’ இதழில். கிளிக்கின் கட்டுரையை ஏற்காத அதே இதழ், ஏறக்குறைய அதே காலம். 1964இல் அந்த யோசனை அறிவியல் மேற்கோள் அட்டவணையாக நடைமுறைக்கு வந்தது. ஒரு கட்டுரையிலிருந்து அதன் பின்னால் வந்தவற்றைத் தேடிப் போவதற்கு அது அருமையான கருவி. விஸ்கான்சின், மெல்போர்ன், மின்னசோட்டா என்று நான் சொன்ன பாதையை அதை வைத்துத்தான் பின்தொடர முடியும்.

நாளடைவில் தேடும் கருவி அளக்கும் கோலாகவும் மாறியது. 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ‘எச்’ குறியீட்டைக் கொண்டுவந்தார். கணக்கு எளிது, எட்டாம் வகுப்புப் பிள்ளையும் போடும். ஒருவரின் ஐந்து கட்டுரைகளுக்கு 25, 9, 6, 4, 2 மேற்கோள்கள் என்று வைப்போம். குறைந்தது நான்கு மேற்கோள் பெற்ற கட்டுரைகள் நான்கு உள்ளன. ஐந்து பெற்றவை ஐந்து இல்லை. எனவே அவர் எண் 4. இப்போது இன்னொருவர், ஒரே ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு ஆயிரம் மேற்கோள். அவர் எண் என்ன? ஒன்று.

எண் பொய் சொல்லவில்லை. தன்னால் எதை அளக்க முடியுமோ அதைச் சரியாகவே அளக்கிறது. ஆனால் 1958இல் யாராவது கிளிக்கின் கட்டுரைக்கு மேற்கோள் எண்ணியிருந்தால், இது பயனற்ற ஆய்வு என்றே தீர்ப்பு எழுதியிருப்பார்கள். பின்னர் அது அந்தக் கோழியியல் இதழில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளுள் ஒன்றாயிற்று. இப்படித் தாமதமாக விழிக்கும் கட்டுரைகளுக்கு வான் ரான் என்ற டச்சு ஆய்வாளர் 2004இல் ‘தூங்கும் அழகி’ என்று பெயரே வைத்தார்.

இன்னொரு விந்தை உண்டு. ஒரு கண்டுபிடிப்பு முழு வெற்றி பெற்றுவிட்டால் அதற்கு மேற்கோள் குறைந்துவிடும். எல்லாருக்கும் தெரிந்ததை யார் மேற்கோள் காட்டுவார்கள்? ஈர்ப்பு விசையைப் பற்றி எழுதும் யாரும் இன்று நியூட்டனின் நூலை அடிக்குறிப்பில் போடுவதில்லை. அதுபோல, ஒவ்வொரு ஆண்டும் நம் மாணவர்கள் விடைத்தாளில் ‘பி செல்’ என்று எழுதுகிறார்கள். ஒவ்வொன்றும் கிளிக்குக்குக் கிடைக்கும் மேற்கோள்தான். எந்த அட்டவணையும் அதை எண்ணுவதில்லை.

கிளிக் தம் வாழ்நாள் முழுவதும் கோழியியல் பேராசிரியராகவே இருந்தார். முதலில் மிசிசிப்பி, பிறகு கிளெம்சன். 2009இல் மறைந்தார். 2019இல் டி, பி செல்களின் கண்டுபிடிப்புக்காக மில்லருக்கும் கூப்பருக்கும் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. இருவரும் அதற்கு முற்றிலும் தகுதியானவர்கள். அவர்களின் கட்டுரைகளுக்கு முன்னால் ஒரு கோழிக் கட்டுரை இருந்தது என்பதை நாம் நினைவில் வைத்தால் போதும்.

என் வகுப்பில் நடந்தது

இவ்வளவும் சொல்லிவிட்டு என் கதையைச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது.

பல ஆண்டுகளுக்கு முன், இலையில் ஸ்டார்ச் இருப்பதைக் காட்டும் சோதனை. விடியற்காலையில் வீட்டில் செம்பருத்தி இலைகளைப் பறித்து, பையில் போட்டு வகுப்புக்குக் கொண்டுபோனேன். குழுவுக்கு ஓர் இலை. நீரில் கொதிக்கவைத்து, ஸ்பிரிட்டில் பச்சையம் நீக்கி, கழுவி, அயோடின் விட்டோம். கருநீலம் வர வேண்டும். வரவில்லை. எல்லாம் மஞ்சளும் பழுப்புமாக நின்றன. ஒரே ஒரு குழுவின் இலை மட்டும் நீலமானது.

“சரியாகக் கொதிக்கவைக்கவில்லை” என்று மற்றக் குழுக்களைக் கடிந்துகொண்டேன். ஒரு பெண் எழுந்து, “டீச்சர், எங்க இலை நீலமாகலையே, என்ன எழுதட்டும்?” என்றாள். “இலை கருநீலமாக மாறுகிறது என்று எழுது” என்றேன். எழுதினாள். நானும் சிவப்பு மையில் சரி போட்டேன்.

வருடங்கள் கழித்து, கிளிக்கின் கதையைப் படித்த இரவில்தான் அந்த வகுப்பு நினைவுக்கு வந்தது. நீலமான அந்த ஓர் இலை நான் கொடுத்ததல்ல. அந்தக் குழுவில் ஒரு பையன் நான் கொடுத்த இலையைக் கிழித்துவிட்டு, பதினொரு மணி வெயிலில் பள்ளி வளாகத்துச் செடியில் வேறோர் இலையைப் பறித்து வந்திருந்தான். என் இலைகள் விடியலில் பறித்தவை. இரவெல்லாம் செடி தன் ஸ்டார்ச்சைச் செலவழித்துவிட்டது. புதிதாகச் செய்ய இன்னும் வெயில் வரவில்லை. ஒளிச்சேர்க்கைக்கு ஒளி தேவை என்பதற்கு அதைவிட அழகான நிரூபணம் வேண்டுமா? தோற்ற சோதனை என்று நான் நினைத்தது, பாடத்தையே செய்துகாட்டியிருக்கிறது. சாங்கிடம் இருந்த இறக்கை எண்களைப் போல என் முன்னாலும் துப்பு இருந்தது. நான் பார்க்கவில்லை. அதோடு, கண்ணால் கண்டதை எழுதாதே என்று ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு என் வகுப்பில் மூன்று பழக்கங்களை வைத்துக்கொண்டேன். பெரிய திட்டமெல்லாம் இல்லை.

முதலாவது, பதிவேட்டில் வந்ததை எழுத வேண்டும். வர வேண்டியதை அல்ல. ஊசல் சோதனையில் 9.8 வராமல் 9.1 வந்தால் 9.1 என்றே எழுதட்டும். கீழே ‘ஏன் இப்படி வந்திருக்கலாம்’ என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்கும் மதிப்பெண் உண்டு. முன்னாண்டு மாணவரின் பதிவேட்டைப் பார்த்து எழுதும் பழக்கம் இதனால் பெருமளவு குறைந்தது.

இரண்டாவது, எனக்கு விடை தெரியாத கேள்வி வந்தால் வகுப்பறைச் சுவரில் ஒட்டிய தாளில் கேட்டவரின் பெயரோடு எழுதிவைக்கிறேன். யார் விடை கண்டுபிடித்தாலும் அதன் பக்கத்தில் அவர் பெயர். சில கேள்விகள் ஆண்டு முழுக்க அங்கேயே இருக்கும். இருக்கட்டும்.

மூன்றாவது, மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும்போது இது இன்று வரை எண்ணியது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். தேர்ச்சி விழுக்காட்டை நான் குறைத்துப் பேசவில்லை. அது நம்மிடம் கேட்கப்படுகிறது. கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 1958ஆம் ஆண்டின் கணக்கை வைத்து 1965ஐ யாரும் எழுதிவிட முடியாது. நம் வகுப்பின் கடைசி வரிசையிலும் அப்படி யாராவது இருக்கலாம்.

அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. சந்தித்தால், அன்று உன் இலை சரியாகத்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும். நாளை உங்கள் வகுப்பில் ஒரு சோதனை கெட்டுப்போனால், பாத்திரங்களைக் கழுவச் சொல்வதற்கு முன் ஐந்து நிமிடம் பிள்ளைகளோடு நின்று பாருங்கள். எந்த இலை, எப்போது பறித்தது, யார் பறித்தது என்று கேளுங்கள்.